பேஸ் கிட்டாரும் பித்தளைத் தகடும்

இசையை வளர்த்தவர்கள் என்று ஊரில் யார் யாரையோ சொல்கிறார்கள். 1991இல் ஏற்காட்டில் எங்கள் மாதா கோவிலின் ‘இசைக்கருவி கொள்முதல் ஆலோசனைக் கமிட்டி’ ஆற்றிய தொண்டை அறியாதவர்கள் அவர்கள். கமிட்டியின் காரியதரிசி என்ற முறையில், தன்னடக்கத்தைச் சற்றே ஒத்திவைத்துவிட்டு நானே சொல்லவேண்டியிருக்கிறது.

பிரச்சினை ஒரு கிட்டார். சாதாரணக் கிட்டார் அல்ல, பேஸ் கிட்டார், அடித்தொண்டையில் பேசுவது. சேலத்துக் கடையில் இருந்தது. அதை வாங்கித்தரச் சொல்லிக் கேட்டவள் பாடற்குழுவில் கைதட்டும் வரிசையில் நின்ற லூர்துசெல்வி, எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் அற்புதத்தின் மகள். பழைய கிட்டார் ஒன்றின் தடித்த கம்பிகளைத் தளர்த்திவிட்டு, அதிலேயே பேஸ் வாசிக்கப் பழகியிருந்தாள். வாத்தியம் இல்லாமலே பழகிவிட்டவளுக்கு வாத்தியம் எதற்கு என்ற ஆழ்ந்த கேள்வியோடு முதல் கூட்டம் கலைந்தது. வடை நன்றாக இருந்தது.

இரண்டாம் கூட்டத்துக்கு அவளை ‘நேரில் விசாரிக்க’ அழைத்தோம்.

“கரண்ட்லயும் வாசிக்கலாமுங்க, இல்லாமயும் வாசிக்கலாமுங்க. வவுறு பெருசா, நடுவுல ஓட்டை இருக்குதுங்க. நம்மூர்ல காத்தடிச்சாவே கரண்ட் போயிருதுங்களே, அதுக்குத்தானுங்க.”

தலைவர் ஸ்தனிஸ்லாஸ், எஸ்டேட்டில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற ரைட்டர், கண்ணாடியைக் கழற்றினார். “எத்தனை கம்பி கண்ணு?”

“நாலுங்க.”

“ஆறு கம்பி கிட்டாரைவிட வெலை நொம்ப ஜாஸ்திங்கற. கம்பியக் கொறச்சுப்போட்டு வெலைய ஏத்தறது எந்த ஊரு நாயம்?”

இரும்புக்கடை பாக்கியநாதன் குறுக்கிட்டார். “பாட்டுல அது தனியாக் கேக்குமா கண்ணு?”

“தனியா அத்தனை தெரியாதுங்க. ஆனா அது இல்லாட்டி பாட்டு தரையில நிக்காதுங்க.”

“தெரியாத சாமானத்துக்கு எவன் நன்கொடை குடுப்பான்?”

கொள்முதல் அங்கேயே செத்திருக்கும். கடைக்காரர் கொடுத்த படத்தை உற்றுப் பார்த்த தலைவருக்கு அந்த நேரத்தில் ஞானம் பிறந்தது. “நடுவுல அந்த ஓட்டை சும்மாத்தான இருக்குது?”

எங்கள் கோவில் டியூப்லைட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். உபயதாரர் பெயர்களைக் கறுப்பு மையில் எழுதியதுபோக மிச்சமிருக்கும் இடத்தில் வெளிச்சம் வரும். கிட்டாரின் ஓட்டைக்கு ஒரு பித்தளைத் தகடு. அதில் பணம் போடும் கமிட்டியார் பெயர்கள். கிட்டார் ‘வாங்கத் தகுந்ததே’ என ஏகமனதாகத் தீர்மானித்தோம். கூடவே ஒரு நிபந்தனை: திருநாளன்று அது கடைசி பெஞ்சுவரை கேட்கவேண்டும். கேட்டால் லூர்துசெல்விக்கு நிரந்தர இடம். இல்லையென்றால் மறுபடி கைதட்டும் வரிசை.

கிட்டார் வந்து, ஓட்டையின்மேல் தகட்டைத் திருகிப் பொருத்தியபோது அவள் பதறினாள். “ஏனுங்க, அந்த ஓட்டைலதானுங்க சத்தம் வருது! பின்னாடி போடுங்களே.”

“பின்னாடி போட்டா உன்ற வவுத்துக்குத்தான் தெரியும்” என்றார் பாக்கியநாதன்.

தலைவருக்கு வேறு கவலை. “கம்பியெல்லாம் என் பேரு மேல ஓடுதே. கொஞ்சம் ஒதுக்கிக் கட்ட ஆகாதா?”

திருநாளன்று முதல் பாட்டு தொடங்கியதும் காற்றடித்தது. எங்கோ சில்வர் ஓக் மரக்கிளை மின்கம்பியில் விழ, கரண்ட் போயிற்று. பேஸ் ஊமையானது. கடைசி பெஞ்சில் அற்புதம் எழுந்து நின்று காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தாள். மகளின் விரல்கள் ஓடின, சத்தம்தான் இல்லை.

லூர்துசெல்வி மைக்செட்காரரின் ஸ்குரூ டிரைவரை வாங்கினாள். எல்லோரும் பார்த்திருக்க, கம்பிகளுக்கிடையே விட்டுத் தகட்டைக் கழற்றித் தரையில் வைத்தாள்.

அடுத்த சரணத்தில் அது வந்தது. பெஞ்சுப் பலகை வழியாக என் இடுப்பில் ஏறியது. எப்போதும் வரிசைக்கு வரிசை பின்தங்கும் சபை அன்று ஒரே குரலில் பாடியது. அற்புதம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது என்பதை மறைக்கவில்லை.

பூசை முடிந்ததும் அவசரக் கூட்டம். உபயதாரர் பெயரைப் பகிரங்கமாக அகற்றிய குற்றச்சாட்டு.

“கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சுங்களா, இல்லீங்களா?” என்றாள் லூர்துசெல்வி.

எங்கள் கமிட்டி பொய் பேசாது. கணீரென்று கேட்டதாக ஒவ்வொருவராக எழுந்து சொன்னோம். தகடு இருந்திருந்தால் கேட்டிருக்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கேட்டது. ஆகவே குற்றம் ருசுவாயிற்று. அன்றே அவளைப் பாடற்குழுவிலிருந்து நீக்கினோம்.