இரண்டாம் கால்கட்டு

ஞாயிற்றுக்கிழமை முடியும்வரை கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று முடிவு செய்தேன். அன்றுதான் மச்சினன் வீடு மாறுகிறான். புது வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. பீரோ உண்டு.

என் இடது கால் சுண்டுவிரல் உடைந்தது அதற்குப் பல வாரம் முன்பு. கட்டில் காலும் என் காலும் மோதிக்கொண்டன. கட்டில் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடைந்த விரலைப் பக்கத்திலிருந்த நல்ல விரலோடு சேர்த்துக் கட்டி அனுப்பினார் டாக்டர்.

"கல்யாணம் மொத கால்கட்டு. இது ரெண்டாவது" என்றேன் மனைவியிடம்.

"எங்கப்பாவும் இதத்தான் செஞ்சாரு. ஒடஞ்சத நல்லதோட சேத்துக் கட்டி வெச்சாரு."

உடைந்தது யார் என்று நான் கேட்கவில்லை. காபி வரவேண்டியிருந்தது.

விரல் சீக்கிரமே கூடிவிட்டது. அதை வெளியில் சொல்ல எனக்கென்ன பைத்தியமா? எழுந்தால் 'அம்மா', உட்கார்ந்தால் 'அப்பா' என்று குடும்பத்தையே கூப்பிட்டு முனகினேன். மேல்தட்டில் இருந்த பிஸ்கட் டப்பா எப்படிக் காலியாகிறது என்று அவள் கேட்டபோது எலி என்றேன்.

"நுனிக்கால்ல எக்கி மூடியத் தெறக்கிற எலியா?"

இன்னும் பலமாக முனகினேன்.

ஞாயிறு காலை, கட்டு மாற்றி விடுகிறேன் என்று வந்து என் காலைப் பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நடக்காத விஷயம். அந்தப் பெருமையிலேயே தூங்கிப்போனேன்.

வாசலில் மச்சினன் குரல் கேட்டுத்தான் விழித்தேன். சுவரைப் பிடித்தபடி, கட்டுப் போட்ட காலை இழுத்து இழுத்து நடந்து காட்டினேன். அவன் முகம் வாடிவிட்டது.

"மாமா பாவம்க்கா. விட்டுடு."

"எந்தக் கால்ங்க வலிக்குது?" என்றாள் மனைவி.

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "கட்டு கண்ணுக்குத் தெரியலியா? இந்தக் கால்தான். உயிர் போகுது."

"அது வலது கால். உங்களுக்கு ஒடஞ்சது இடது."

குனிந்து பார்த்தேன். காலைப் பிடித்தவள் காலை வாரியிருந்தாள்.

கட்டை அவிழ்க்கக்கூட நேரம் தரவில்லை. பீரோவின் அடிப்பக்கம் எனக்கு. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அது நழுவி, என் வலது கால் சுண்டுவிரல்மேல் உட்கார்ந்தது. அம்மா அப்பா யாரும் வாயில் வரவில்லை. வெறும் அலறல்தான்.

மேலேயிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"பதறாதீங்க. கட்டு இப்ப சரியான கால்லதான் இருக்கு."