அத்துமீறி நுழைந்த அத்தான்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நானும் என் முழங்கால் வலியும் இங்கே நலம். நீயும் உன் குடும்பமும் எங்களைவிட நலமாக இருக்க வேண்டும்.

விஷயம் என்னவென்றால், என் மேல் கேஸ் போட்டிருக்கிறார்கள். அத்துமீறி நுழைந்த கேஸ். பதறாதே, நுழைந்தது நம் பழைய வீட்டில்தான். உன் அக்கா போன பிறகு அத்தனை அறைகளில் ஒண்டியாக இருக்க முடியாமல், அதை ஒரு பல் டாக்டருக்கு விற்றுவிட்டு இந்த மாடிக்குக் குடிவந்தேன் அல்லவா? நான் வந்துவிட்டேன், கால் வரவில்லை. காலையில் நடந்துவிட்டுத் திரும்பும்போது அது பாட்டுக்கு அந்தத் தெருவில் திரும்பிவிடுகிறது. பின்கதவை முழங்காலால் ஓர் இடி இடித்தால் திறந்துகொள்ளும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பாவம் டாக்டருக்குத்தான் தெரியாது. முன்பு ஓரிரு தடவை மனிதர் சிரித்துக்கொண்டே வாசல்வரை கொண்டுவந்து விட்டார். இந்தத் தடவை அடுப்பைப் பற்றவைத்து, வழக்கம்போல் இரண்டு கோப்பை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வாயில் பிரஷ்ஷோடு ஒருவர் வந்து நின்றார். "யாருங்க நீங்க?" என்று நான்தான் கேட்டேன். அதில்தான் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

அபராதம் போட்டால் போடட்டும். ஆனால் கிழவன் திருடப் போனான் என்று கோர்ட்டில் எழுதிவிடுவார்களோ என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான்.

அனுபவமுள்ள வக்கீலைத் தேடி அலைந்தேன். விற்பனைப் பத்திரம் எழுதியவரிடம் போனால், டாக்டருக்கு ஆஜராவதே அவர்தானாம். அடுத்தவர் விவாகரத்து மட்டும் பார்ப்பவர். பிரிந்த பிறகும் பழைய வீட்டுக்குப் போவது சகஜம்தான் என்று தேற்றிவிட்டு, வீட்டு அம்மா எப்போது பிரிந்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். கடைசியில் இந்த மாதிரி கேஸிலேயே தலை நரைத்த ஒரு பெரியவர் கிடைத்தார். எவ்வளவு அனுபவம் என்றால், அவர் ஆபீஸைக் காலி செய்யச் சொல்லி அவர் மேலேயே ஒரு கேஸ் வருஷக்கணக்கில் நடந்துகொண்டிருக்கிறது. அவர் என்னை உட்காரவைத்து, ஜட்ஜ் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று ஒத்திகை பார்த்தார்.

"நடந்துட்டு வீட்டுக்கு வந்தேன் சார்."

"வந்தேன்னு சொன்னா அது உங்க வீடுன்னு ஆயிடும். போனேன்னு சொல்லுங்க. தெரியாம போயிட்டேன்னு சொல்லுங்க."

மத்தியானம்வரை சொல்லிப் பார்த்தேன். வாயில் 'வந்தேன்' என்றுதான் வருகிறது. பெரியவர் என் காகிதங்களைக் கட்டி என் மடியிலேயே வைத்துவிட்டார். ஆகையால், நான் வாயே திறக்காமல் கேஸ் நடத்தக்கூடிய அனுபவஸ்தர் யாராவது உன் ஊரில் இருந்தால் உடனே பார்த்துச் சொல்.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. எல்லோரையும் பல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல். பல் டாக்டர்களுக்குக் கோபம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: வக்கீல் தேட வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் டாக்டரே இரக்கப்பட்டு ஆள் அனுப்பினார். இனி அந்தத் தெருப்பக்கமே தலைகாட்ட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் கேஸை வாபஸ் வாங்குகிறாராம். நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மனசு லேசாகி, இன்று காலை நன்றாக நடந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் கொதித்த பிறகுதான் தெரிந்தது, போயிருக்கிறேன் என்று.