சட்டைப் பையில் ஒரு சின்ன வெங்காயம்

முப்பத்தொரு வருட அரசு வேலையில் நான் ஒரு மில்லிமீட்டர்கூடப் பொய் எழுதியதில்லை. எழுதப் பார்த்தது ஒரே ஒரு முறை. அதுவும் ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து, திருப்பதி ஆஸ்பத்திரி ஒன்றில், என் மனைவி சுலோச்சனாவின் கண்ணில்.

மில்லிமீட்டர் கணக்கு ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சித்தூர்ப் பக்கத்து மண்டல அலுவலகங்களில் நான் புள்ளிவிவரம் எடுக்கிற ஆளாக இருந்தேன். ஆடு மாடு எண்ணுவேன், கிணறு எண்ணுவேன், கரும்பு எத்தனை ஏக்கர் என்று எழுதுவேன். ஆனால் ஜனங்கள் எனக்கு வைத்த பேர் ‘வான சார்’. (வான என்றால் தெலுங்கில் மழை.) காலை எட்டரை மணிக்கு அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த மழைமானியைத் திறந்து, முந்தின நாள் பெய்ததை அளந்து மேலே அனுப்புவது என் பொறுப்பு. மழை குறைந்தால்தான் ‘கருவு மண்டலம்’, அதாவது வறட்சிப் பகுதி என்று அறிவிப்பார்கள். அறிவித்தால்தான் நிவாரணம் வரும்.

“ஒரு நாலு மில்லி கொறச்சிப் போடு சார், உனுக்கு இன்னா போச்சு?” என்று கேட்காத விவசாயி கிடையாது. நான் மசிந்ததில்லை. (நேர்மை பாதி, பயம் பாதி.)

சுலோச்சனாவுக்கு முதலில் வந்தது விரல் மூட்டு வலி. பிறகு வாய் காய ஆரம்பித்தது. ஓர் இட்லிக்கு ஏழு மடக்குத் தண்ணீர் குடிப்பாள். எண்ணினேன், அதனால் தெரியும். உயிராக இருந்த முறுக்கை நிறுத்தினாள். இரண்டு பல் சொத்தையாகிப் பிடுங்கினோம். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றாள். எங்கள் ஊர் நகரி டாக்டர் கால்சியம் குறைவு என்றார், புத்தூர் டாக்டர் வயசு என்றார், பல் டாக்டர் வெற்றிலைமேல் சந்தேகப்பட்டார், கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியை மாற்றச் சொன்னார். இரண்டு வருடம் இப்படிப் போனது. மூட்டையும் வாயையும் பல்லையும் கண்ணையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. புள்ளிவிவரத்தில் பிழைத்தவனுக்கும் தோன்றவில்லை.

பெங்களூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் கீதாதான் போனில் கத்தினாள். “நைனா, எண்ணிக்கினே இருக்காத! திருப்பதிக்குக் கூட்டிக்கினு போ!”

போனோம். மூட்டு நோய் பார்க்கிற டாக்டரம்மா, அனந்தபுரத்துப் பெண், என் மகள் வயசு. கால் மணி நேரம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தெலுங்கு கலந்த தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அம்மா, கண்ணும் வாயும் ஒரே சமயத்துல காய ஆரம்பிச்சுதா?” ஆமாம் என்றாள். ரத்தம் எடுத்தார்கள். அடுத்த வாரம் முடிவு வந்தது. உடம்பைக் காக்க வேண்டிய படையே வீட்டுக்காரர்களை எதிரி என்று நினைத்து அடிக்கிற நோய்களில் ஒன்றாக இருக்கலாம் என்றார். சுலோச்சனாவின் படை கண்ணீர்ச் சுரப்பிகளையும் உமிழ்நீர்ச் சுரப்பிகளையும் அடித்துக்கொண்டிருக்கிறதாம். நோயின் பெயர் ஷோகிரன்.

“காரணம் என்னம்மா?” என்று கேட்டு, என் நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். பத்தொன்பது சந்தேகங்களை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு விசைத்தறித் தூசி, ஆழ்குழாய்த் தண்ணீர், புளி, கொசுவர்த்தி... டாக்டரம்மா பொறுமையாகப் படித்தார்.

“பத்தொம்பதாவது... ‘என் கோபம்’னு போட்டிருக்கே அங்கிள்?”

“அதையும் விடக்கூடாதுன்னு போட்டேன்மா.”

“இதுல ஒண்ணையும் காரணம்னு என்னால சொல்ல முடியாது. பிறவியிலயே கொஞ்சம் இருக்கலாம். எப்பவோ வந்த கிருமி தூண்டியிருக்கலாம். பொம்பளைங்களுக்குத்தான் அதிகம் வருது. இதனாலதான்னு யாருக்கும் நிச்சயமாத் தெரியாது. உங்க கோபத்தால வரல, போதுமா?”

காரணம் தெரியாது என்ற பதிலை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. (சுலோச்சனா தண்ணீரோடு மூன்று இட்லி சாப்பிட்டாள்.)

மறுநாள் கண் பரிசோதனை. கீழ் இமையில் மில்லிமீட்டர் கோடு போட்ட காகிதப் பட்டையை மாட்டி, ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்கார வேண்டும். ஐந்து மில்லிமீட்டருக்குமேல் நனையாவிட்டால் வறட்சி. மில்லிமீட்டர், வறட்சி! என் துறை! புத்தியுள்ளவனாக இருந்தால் சரியாக அளக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பேன். நானோ, ஐந்தைத் தாண்டிவிட்டால் நோய் இல்லை, வாழ்நாள் மாத்திரை இல்லை, பழையபடி முறுக்குத் தின்னலாம் என்று கணக்குப் போட்டேன். அரைப் பரீட்சைக்குப் பையனைத் தயார் செய்கிற தகப்பன் மாதிரி, அவளைத் தேற வைக்கக் கிளம்பினேன்.

நகரியிலிருந்து திருப்பதிக்குப் பஸ். எங்கள் கல்யாண வாழ்க்கையின் மிகச் சோகமான ஏழு சம்பவங்களை ராத்திரியே பட்டியல் போட்டிருந்தேன். புத்தூர் தாண்டியதும் ஆரம்பித்தேன்.

“சுலோ, நம்ம செவல மாடு செத்துப்போச்சே, நெனப்பு இருக்குதா?”

“அது உங்க அண்ணன் ஊட்டு மாடு. அது செத்துக் கெடக்கும்போதுகூட, எத்தினி லிட்டர் கறந்துச்சுன்னு கணக்கு சொல்லிக்கினு இருந்தீங்க.” சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள் இரண்டு வேகத்தடை வரை நிறுத்தவில்லை.

இரண்டாவது, மூன்றாவது சோகங்களும் சிரிப்பில்தான் முடிந்தன. நான்காவது, கீதா கல்யாணம் முடிந்து பெங்களூர் வண்டி ஏறிய நாள். அதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. “அத எதுக்கு இப்போ எடுக்கறீங்க?” என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். கண் நனையவில்லை. மிச்சம் மூன்றையும் கைவிட்டேன்.

ஆனால் சட்டைப் பையில் இரண்டாவது திட்டம் இருந்தது. தோலுரித்த சின்ன வெங்காயம் ஒன்று, கைக்குட்டையில் சுற்றியது.

பரிசோதனை அறையில் ஒரே பெஞ்சில் நான்கு பேர்: காளஹஸ்தி லாரி டிரைவர் ஒருவர், ஒரு காலேஜ் பெண், ஒரு வயதான அம்மாள், கடைசியில் சுலோச்சனா. எல்லார் இமையிலும் பட்டை தொங்கியது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மேஜைக்குப் போனார். நான் துணைக்கு வந்தவனாகப் பின்னால் நின்றேன். இரண்டாவது நிமிடம் கைக்குட்டையை எடுத்து, வெங்காயத்தைக் கட்டைவிரலால் நசுக்கி, சுலோச்சனாவின் முகத்துக்கு ஒரு ஜாண் தூரத்தில் பிடித்தேன்.

தலைக்கு மேல் மின்விசிறி இருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது பாரபட்சம் பார்க்காமல் எல்லாருக்கும் பங்கு வைத்தது. டிரைவர் முதலில் மூக்கை உறிஞ்சினார். காலேஜ் பெண் தேம்பினாள். அந்த வயதான அம்மாள் “கோவிந்தா, கோவிந்தா” என்று கண்ணீர் வடித்தார். எனக்கோ தாரை தாரையாகக் கொட்டியது.

“எவரண்டி உல்லிபாய தெச்சிந்தி?” என்று நர்ஸ் ஓடி வந்தார். வெங்காயம் கொண்டுவந்தது யார் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த அறையில் கைக்குட்டையோடு நின்றவன் நான் ஒருவன்தான்.

“இன்னா பெரியவரே,” என்றார் டிரைவர், கண்ணை மூடியபடியே, “ஆஸ்பத்திரில சாம்பார் வெக்க வந்தியா?”

நர்ஸ் பட்டைகளை எடுத்து அளந்தார். டிரைவர் முப்பது. காலேஜ் பெண் இருபத்தெட்டு. அந்த அம்மாள் இருபத்திரண்டு. மூன்று பேருக்கும் மறுபடி முதலிலிருந்து! சுலோச்சனாவுக்கு வலது கண் இரண்டு, இடது கண் மூன்று. நர்ஸ் இன்னொரு முறை அளந்தார். பிறகு பட்டைகளையும் வெங்காயத்தையும் என்னையும் டாக்டரம்மா முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. வெங்காயத்தை முகர்ந்து பார்த்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

“எவ்ளோ தூரத்துல புடிச்சீங்க அங்கிள்?”

“ஒரு ஜாண்.”

“இதுக்கும் ரெண்டு மில்லிதானா?” என்று சுலோச்சனா பக்கம் திரும்பினார். “அம்மா, வீட்ல வெங்காயம் அரியும்போது கண்ணுல தண்ணி வருமா?”

“வர்றதே இல்லம்மா, ரெண்டு வருசமா. கை பழகிப்போச்சுன்னு இவரு சொன்னாரு.”

(சொன்னேன். பாராட்டாகவே சொன்னேன். இட்லிக்கு மடக்கு எண்ணியவன் இதை எண்ணவில்லை.)

“அழுகை வந்தா?”

சுலோச்சனா முந்தானையை விரலில் சுற்றினாள். “அழுக வரும்மா. தண்ணிதான் வராது. போன வருசம் எம் பொண்ணு கல்யாணம் முடிஞ்சி வண்டி ஏறினா. நெஞ்சு அடைச்சிக்கிச்சு, கண்ணு நெருப்பா எரிஞ்சிது, ஒரு சொட்டு வர்ல. பெத்தவளா, கல்லான்னு சொந்தக்காரங்கள்லாம் பேசினாங்க.” என் பக்கம் கையைக் காட்டி, “இவருந்தான்,” என்றாள்.

ஆமாம். “ஒரு சொட்டு உட்டா கொறைஞ்சா பூடுவ?” என்று ரயில் நிலையத்திலேயே கேட்டவன் நான்தான்.

“அப்போ இது நோவுதானாம்மா? மனசு கல்லு இல்லியே?”

“நோவுதாம்மா. மனசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.”

தீராத நோய் என்று கேட்ட எவரும் அப்படி நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு வருடமாக ஒரு கல்லைச் சுமந்துகொண்டு என்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறாள். அந்தக் கல்லை இறக்கிவைக்க ஒரு காகிதப் பட்டையைத் தேடி வந்திருக்கிறாள். நான் அதை நனைக்கப் பார்த்திருக்கிறேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். “கருவு புடிச்ச ஊர்ல மழ பேஞ்சிதுன்னு எழுதினா நிவாரணம் எப்பிடிங்க வரும்? முப்பத்தொரு வருசம் இன்னாதான் வேல பாத்தீங்க?”

வறட்சிக்கே பேர்போன அனந்தபுரத்துக்காரருக்குக் கருவைப் பற்றிச் சொல்லித்தர வேண்டுமா? டாக்டரம்மா மேஜையில் தட்டிச் சிரித்தார். பிறகு உறுதி செய்துகொள்ள, கீழ் உதட்டின் உட்புறத்தில் கடுகளவு சதை எடுத்துச் சோதிக்க எழுதினார். அதிலும் அதேதான் வந்தது. மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, பையில் எப்போதும் தண்ணீர். தீராது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம் என்றார். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

அன்று கிளம்பும்போது நர்ஸ் என்னை விடவில்லை. “கூச்சோண்டி தாத்தகாரு” என்று உட்காரவைத்து, பழிவாங்குகிற மாதிரி என் இமையில் ஒரு பட்டையை மாட்டினார். வெங்காயம் அதற்குள் குப்பைக்கூடையில் இருந்தது. டாக்டரம்மா அறையில் மின்விசிறியும் ஓடவில்லை. எனக்கோ ரயில் நிலையம்தான் கண்ணுக்குள் நின்றது. இரண்டே நிமிடத்தில் பட்டை நுனிவரை நனைந்துவிட்டது. முப்பத்தைந்து.

“ஐயோ, அங்கிளுக்கு வெள்ள நிவாரணம்தான் குடுக்கணும்!” என்றார் டாக்டரம்மா.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. கீதாவுக்குக் குழந்தை பிறந்து, மூன்று மாதம் என்று சொல்லிப் பெங்களூர் போன சுலோச்சனா, இன்றோடு முந்நூற்று முப்பத்தெட்டு நாளாக அங்கேயே இருக்கிறாள். குழந்தை அவளை விடவில்லையாம். நான் இரண்டு முறை போய், நான்காம் நாளே திரும்பிவிட்டேன். மாடியில் சொந்தமாக ஒரு மழைமானி வைத்திருக்கிறேன். ஒரு நாள் அளவு விட்டுப்போனாலும் வரிசை உடைந்துவிடுமே! (இது ஒரு காரணமா என்று கீதா கேட்கிறாள். இருபதாவதாக எழுதிக்கொள்ளச் சொன்னேன்.) வெங்காயத்தை இப்போது நானே அரிகிறேன். ஓர் இட்லிக்கு எனக்கு ஒரு மடக்குத் தண்ணீர் போதும். இருந்தாலும் எதிர் நாற்காலிக்கு முன்னால் ஒரு சொம்பு வைத்துவிடுகிறேன்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு போன் வரும்.

“இன்னிக்கி எத்தினி?” என்பாள் சுலோச்சனா.

“ஒண்ணுமில்ல. மேகம் மட்டும்தான்.”

“மழைய யாரு கேட்டாங்க?”

“...பூச்சியம்.”

“பொய்க் கணக்கு!” என்பாள். உடனே பின்னாலிருந்து கீதாவும் மாப்பிள்ளையும் ஒரே குரலில் “முப்பத்தஞ்சு!” என்று கத்துவார்கள். விவரம் தெரியாத குழந்தையும் கை தட்டும்.

நானும் சிரித்துவைப்பேன். அந்தப் பட்டையில் முப்பத்தைந்துக்கு மேல் கோடு கிடையாது என்பதை இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.