கடைசித் துண்டைத் தொடாதவர்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. தட்டில் ஒன்பது துண்டு இருந்தால் எட்டு தீரும்வரை வஞ்சனையில்லாமல் தின்னும். ஒன்பதாவதைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரையைப் பார்க்கும். ஸ்வீடனில் இந்த இனம் ஏராளம். மாதிரிக்கு ஒருவர் போதும்: டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஹில்டிங்.

அறுபத்தெட்டாவது பிறந்தநாளுக்கு மனைவி மாரித், கோதன்பர்க் சந்தைக் கூடத்தைக் கடைகடையாகச் சுற்றி ருசி பார்க்கும் உலாவுக்குச் சீட்டு வாங்கித் தந்திருந்தாள். ஹில்டிங்குக்குச் சந்தை தெரியாதா என்ன? கண்ணைக் கட்டிவிட்டாலும் சுற்றி வருவார். அவர் வந்தது கடைசிக் கடைக்காக. அங்கே புகையில் வாட்டிய விலாங்கு மீன் தருவார்கள். விற்கிற விலையில் அது அவர் நாக்கில் பட்டு ஐந்து வருஷம். முந்தின ராத்திரி அவர் சரியாகத் தூங்கக்கூட இல்லை, பாவம்.

மூன்றாவது கடையில் வந்தது வினை. வழிகாட்டிப் பெண் தூவா சீஸ் தட்டை நீட்டினாள். எட்டுப் பேர், ஒன்பது துண்டு.

"யாராவது எடுத்துக்குங்களேன்."

"ஐயோ, எனக்கு வயிறு நிறைஞ்சிருச்சும்மா."

"அவர் எடுத்துக்கட்டும்."

"நானா? சேச்சே, நீங்க எடுங்க!"

மிச்சம் வைத்துப் போனால் கடைக்காரிக்கு அவமானம். எடுத்துத் தின்றால் தின்றவருக்கு அவமானம். என்னதான் செய்வது? ஹில்டிங் கத்தியை எடுத்து, பெரிய தியாகியைப் போலப் பாதியை மட்டும் வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். அடுத்தவர் மீதியில் பாதி. அதற்கடுத்தவர் அதிலும் பாதி. இப்படியே வெட்டி, சீவி, சுரண்டி, கடைசியில் எறும்பு மட்டுமே மதிக்கக்கூடிய ஒரு துணுக்கைச் சுற்றி எட்டுப் பெரிய மனிதர்கள் கால்மணி நேரம் நின்றார்கள். கடைக்காரி பொறுமையிழந்து துணியால் தட்டைத் துடைத்தாள். எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

விலாங்குக் கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். பின்னால் வந்த இன்னொரு குழு அதற்குள் முந்திக்கொண்டு தட்டைக் காலி செய்திருந்தது. கடைக்காரர் ஸோரான் போஸ்னியாவிலிருந்து வந்தவர். முப்பது வருஷமாகியும் இந்த ஊர் வியாதி தொற்றாதவர்.

"லேட்டா வந்துட்டீங்களே! ஒரே ஒரு துண்டுதான் கெடக்கு. யாருக்கு வேணும்?"

எட்டுப் பேரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

மாரித் கணவரின் விலாவில் இடித்தாள். "என்னங்க, எடுங்க! உங்க பொறந்தநாள்தானே!"

"பொறந்தநாளா? அப்ப அவருக்குத்தான்!" என்றாள் தூவா. மற்ற ஆறு பேரும் கைதட்டினார்கள். உலகமே ஒப்புக்கொண்டாயிற்று. பொன்னிறத் துண்டு எண்ணெய் மினுங்க அவரையே பார்த்தது. ஹில்டிங் எச்சிலை விழுங்கினார். கை அரையடி நீண்டது.

வாய் முந்திக்கொண்டது. "இல்லைங்க... எனக்கு விலாங்கு அவ்வளவா பிடிக்காது."

"பிடிக்காதா? நல்லதாப் போச்சு," என்று ஸோரான் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, மென்றபடியே கதவை இழுத்துச் சாத்தினார். ஹில்டிங்குக்கு அழுகையே வந்துவிட்டது.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் போன முகூர்த்தத்துப் பந்தியில் "போதும், போதும்" என்று ஒரு கை இலையை மறைத்ததே, விரல்களுக்கு நடுவே சரியாக ஒரு ஜாங்கிரி விழும் அளவுக்கு இடம் விட்டு, அது யாருடைய கை?