அறை வெப்பநிலை: இருபத்தேழு

பருவநிலை மாற்றத்துக்கு எங்கள் பள்ளியில் சரியாக நாற்பத்தொரு மணி நேரத்தில் தீர்வு காணப்பட்டது. உலக நாடுகள் வருடக்கணக்கில் கூடிக் கூடிக் கலைகின்றன. எங்கள் தலைமையாசிரியை ஒரே ஒரு கூட்டம்தான் போட்டார். திங்கள் மாலை நாலு மணிக்குக் கூட்டம். புதன் காலை ஒன்பது மணிக்குப் ‘பருவநிலை அறை’ திறப்பு.

ஏழாம் வகுப்புக்குப் பசுமை இல்ல விளைவை எப்படிக் கற்பிக்கிறோம் என்று பார்க்கக் கல்வி அதிகாரி வருகிறார். அதுதான் விஷயம். கூட்டத்தில் பதினோரு பேர் பேசினார்கள். நான் அறிவியல் ஆசிரியை என்பதால் என்னை யாரும் தொந்தரவு செய்யவில்லை. வேலையில் சேர்ந்து ஐந்து மாதம். தலையாட்டும் பொறுப்பு என்னுடையது.

“ஏழு ‘அ’ ரூமைக் காலி பண்ணிடுங்க. அதுதான் பெருசு” என்றார் தலைமையாசிரியை.

“பசங்க மேடம்?”

“பக்கத்துல ஏழு ‘ஆ’ இருக்கே, அதுல நெருக்கி உக்கார வைங்க. பூமியில இருக்கறது எல்லாரும் பகிர்ந்துக்கணும்னுதானே பாடத்துல இருக்கு?”

எழுபத்தாறு பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பருவநிலை அறையின் ஜன்னல்களைப் பனிக்கரடி படம் போட்ட ஃபிளெக்ஸால் அடைத்தார்கள். இருட்டாகிவிட்டதால் பகலில் பன்னிரண்டு விளக்குகள் எரிந்தன. அதிகாரிக்கு வியர்த்துவிடக் கூடாதே என்று இரண்டு ஏசி. அவற்றின் வெளிப்பெட்டிகளை முன்பக்கம் வைத்தால் போட்டோவில் விழும். எனவே ஏழு ‘ஆ’ ஜன்னலுக்கு நேராக வைத்தார்கள். அந்த ஜன்னலுக்குக் கதவு கிடையாது, கம்பி மட்டும்தான். அனல் காற்றுக்கு அது மிகவும் வசதியாகப் போயிற்று.

செவ்வாய்க்கிழமை ஏழு ‘ஆ’வில் ஒத்திகை. இரண்டு கண்ணாடி ஜாடிகள். ஒன்று மூடியது, ஒன்று திறந்தது. இரண்டையும் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, எது அதிகம் சூடாகிறது என்று குறிக்க வேண்டும். செய்முறை நோட்டின் முதல் வரி ‘அறை வெப்பநிலை’. அதற்கு நேரே 27 என்று அச்சிட்டே கொடுத்துவிடுவோம். கோடையோ மழையோ, எங்கள் பள்ளியில் அது என்றைக்கும் இருபத்தேழுதான். பூமியில் வேறெங்கும் இவ்வளவு நிலையான பருவநிலை இருப்பதாகத் தெரியவில்லை.

முதல் பெஞ்சில் ஒரு பெண். எதையும் அளந்து பார்ப்பதால் வகுப்பில் அவளுக்கு ‘ஸ்கேல்’ என்று பெயர். அவள் 27ஐ அடித்துவிட்டு 39 என்று எழுதியிருந்தாள். ஒத்திகை பார்க்க வந்த தலைமையாசிரியை நோட்டைத் தூக்கிப் பிடித்தார்.

“என்ன இது?”

“அறை வெப்பநிலை மேடம்.”

“அதான் அச்சிலேயே இருக்கே?”

“அது இந்த ரூம் இல்ல மேடம். நான் பாத்தேன்.”

“இத்தனை வருஷம் எத்தனை பேர் படிச்சாங்க! யாராவது பாத்தாங்களா? நீ ஏன் பாத்தே?”

“வெப்பமானி கையில இருந்துச்சு மேடம்.”

பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். “மேடம், வெயில்ல இருக்கற திறந்த ஜாடியில முப்பத்தேழுதான். நாங்க அதுக்குள்ள போய் உக்காந்துக்கவா?”

ஸ்கேல் என்னைப் பார்த்தாள். நான் கரும்பலகையைப் பார்த்தேன்.

ஏசியை இடம் மாற்றலாம், வகுப்பை இடம் மாற்றலாம், அல்லது எண்ணை மாற்றலாம். நிர்வாகம் சிக்கனமானதைத் தேர்ந்தெடுத்தது. அன்று மாலையே ஓர் அறிவியல் நிபுணர், வெப்பமானி பழுது என்று எழுத்துமூலம் சான்றளித்தார். அந்த நிபுணரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். ஒரு பக்கத்தில் முடித்துவிட்டார். கையெழுத்தில் நடுக்கமே இல்லை.

சான்று கிடைத்ததும் நீதியும் கிடைத்தது. ‘பொய் அளவு எழுதிப் பள்ளியின் பெயரைக் கெடுத்த’ மாணவி, தாயார் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். தரும்வரை வகுப்புக்கு வரக் கூடாது. அடுத்த வாரம் பரீட்சை.

புதன்கிழமை எல்லாம் சிறப்பாக நடந்தது. தேர்ந்தெடுத்த எட்டு மாணவர்கள் பற்கள் தந்தியடிக்க, “பூமி சூடாகி வருகிறது” என்று ஒப்பித்தார்கள். அதிகாரி உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு, “பிரமாதம்” என்றார்.

அப்போதுதான் ஸ்கேலின் அம்மா வாசலில் வந்து நின்றார். சேலைமேல் போட்ட வேலைச் சட்டையின் கையெல்லாம் மாவு. பின்னால் ஸ்கேல், கையில் கடிதத்தோடு.

“ஆஃபீஸ்ல உக்காருங்கம்மா, அப்புறம் பாக்கலாம்” என்றார் தலைமையாசிரியை.

“வேலைக்கு நடுவுல வந்திருக்கேங்க. இதோ, இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நான் பேக்கரியில அடுப்பு பாக்கறவ. பக்கத்து ரூம்ல ரெண்டு நிமிஷம் நின்னுட்டுதான் வந்தேன். அடுப்பு முன்னாடி நிக்கற மாதிரியே இருக்கு. அந்த வெப்பமானி பழுதுன்னா, நானும் பழுதாங்க?”

“அம்மா, இது விஞ்ஞானம். உடம்புல பட்டதை வெச்சுப் பேசக் கூடாது. நிபுணரே எழுதிக் கொடுத்திருக்காங்க.”

அதிகாரி நிமிர்ந்தார். “நிபுணரா? ஒரு பள்ளிக்கூட வெப்பமானிக்கா? பரவாயில்லையே! அறிக்கையில குறிப்பிடணும். யாருங்க அவர்?”

“பெரிய படிப்பு படிச்சவங்க சார்” என்றார் தலைமையாசிரியை. “ரொம்பக் கூச்ச சுபாவம்.”

“நீ எழுதினது தப்புன்னு நீயே சொல்லு பாப்பா, போட்டுடறேன்” என்றார் அம்மா. ஸ்கேல் கடிதத்தைச் சுவரில் வைத்து, கசங்காமல் இரண்டு கையாலும் பிடித்தாள். அம்மா பேனா மூடியைத் திறந்தார்.

“நான்தான் சார்” என்றேன். ஐந்து மாதத்தில் அந்தப் பள்ளியில் பெரியவர்கள் முன்னால் நான் பேசிய முதல் வாக்கியம். எல்லாரும் திரும்பியதால் அடுத்ததையும் சொல்ல வேண்டியதாயிற்று.

“வெப்பமானியில பழுதே இல்ல. நேத்து சாயங்காலம் வேற மூணு வெப்பமானி வெச்சுப் பாத்தேன். மூணுலயும் முப்பத்தொன்பது. பாத்துட்டுதான், பழுதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.”