மூன்றாம் உருளைக்குக் கிடைத்த ரெஸ்ப்ளெண்டென்ட்

மனித இனம் இருளிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தது எந்த நாளில் என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பாவம், அவர்களுக்குச் சுற்றறிக்கை படிக்கும் பழக்கம் இல்லை. அது ஒரு புதன்கிழமை. காலை பதினொன்றே கால் மணி. இடம், ஆஸ்பத்திரிகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் ஒரு சலவை ஆலையின் அறிவிப்புப் பலகை. அங்கேதான், நான்கு குண்டூசிகளின் பலத்தில், 'ரெஸ்ப்ளெண்டென்ட்' என்னும் ஆங்கிலச் சொல் வந்து இறங்கியது.

அதுவரை அந்த ஆலை ஓர் அடைமொழிகூட இல்லாமல் ஓடியிருக்கிறது என்பதை நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. அழுக்கு மூட்டை பின்வாசலில் வரும். துவைக்கப்படும், பிழியப்படும், உருளையில் இஸ்திரி ஆகும், மடிப்புக் கலையாமல் முன்வாசலில் போகும். வேலை செய்கிறவர்கள் வேர்த்தார்கள், இருமினார்கள், மணி அடித்ததும் சாப்பிட்டார்கள். ஒருவர்கூட ஜொலிக்கவில்லை. இந்த மாபெரும் குறையை ஆலையின் மேலாளர் ஏதோ ஒரு மாநாட்டில், குளிர்சாதன அறையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்தார். அதற்கெல்லாம் ஒரு பார்வை வேண்டும்.

சுற்றறிக்கை சொன்னது இது: "இன்று முதல் புகார்ப் புத்தகம் ஒழிக்கப்படுகிறது. அதனிடத்தில் பெருமைப் பதிவேடு வைக்கப்படும். தொழிலாளர்கள் தத்தம் பிரிவைப் பற்றி அதில் எழுதலாம். ஒவ்வொரு பதிவிலும் 'ரெஸ்ப்ளெண்டென்ட்' என்னும் சொல் ஒருமுறையாவது இடம்பெற வேண்டும். இடம்பெறாதவை மேலே அனுப்பப்பட மாட்டா."

படித்ததும் சூட்டக்கா புகார்ப் புத்தகம் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

சூட்டக்கா மூன்றாம் உருளையில் பதினேழு வருஷமாக நிற்பவள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அவளிடம் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. உருளை என்றால் சும்மா இல்லை. ஆள் நீளத்துக்கு மூன்று மடங்கு இருக்கும், கொதிக்கக் கொதிக்கச் சுற்றும் இரும்பு. ஈர விரிப்பின் இரு நுனிகளையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இரண்டு பேர் அதன் வாயில் கொடுக்க வேண்டும். அது இழுத்துக்கொள்ளும். விரிப்பு எது, விரல் எது என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது. அந்தப் பேதத்தைச் சொல்லித் தருவதற்குத்தான் வாய்க்கு முன்னால் தடுப்புக் கம்பி. கை பட்டால் உருளை அந்த நொடியே நின்றுவிடும்.

இடப்பக்கக் கம்பி சூட்டக்காவுக்கு முன்னால் ஒழுங்காக இருந்தது. வலப்பக்கக் கம்பி நான்கு மாதத்துக்கு முன் கீலோடு உடைந்து விழுந்தது. அந்த இடத்தில் மெக்கானிக் ஒரு சிவப்புத் துணி நாடாவைக் கட்டிவிட்டுப் போனார். வலப்பக்கம் நிற்பவள் சூட்டக்காவின் நாத்தனார், அவள் புருஷனின் தங்கை.

"அண்ணி, உங்க பக்கம் இரும்புக் கம்பி. எம்பக்கம் ரிப்பன். வெளிய சொன்னா யாராவது நம்புவாங்களா?"

"என்னத்தடி நம்பணும்?"

"நாத்தனார் கொடுமைதான் கேள்விப்பட்டிருக்கோம், இங்க அண்ணி கொடுமையால்ல இருக்குங்கறத."

"வாய இங்க வச்சுக்கிட்டுக் கைய அங்க குடுத்துடாத. விரிப்பப் பாரு."

இடம் மாறிக்கொள்ளலாம் என்று சூட்டக்கா எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். "எனக்கு இந்தப் பக்கந்தான் கை வாட்டம்" என்று நாத்தனார் ஒரே பிடியாக மறுத்தாள். அண்ணியின் விரல்கள் மேல் அவளுக்கும் கவலை இருந்தது. அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் எப்படிச் சண்டை போடுவது?

சூட்டக்கா புகார்ப் புத்தகத்தில் ஐந்து புகார் எழுதி, ஐந்தும் மேலே போயாகிவிட்டது. மெக்கானிக்குக்கு ஆலையில் 'அடுத்தவாரம்' என்று பெயர். அவரைப் பிடித்தால், "கம்பி ஸ்டோர்லதான்க்கா கெடக்கு. மேலேருந்து உத்தரவுச் சீட்டு வரணும். வந்துட்டா அடுத்த வாரமே மாட்டிடலாம்" என்பார். உத்தரவுச் சீட்டு புகார்ப் புத்தகத்திலிருந்துதான் பிறக்க வேண்டும். இப்போது அந்தப் புத்தகமே போய்விட்டது. ஆடிக்கொண்டிருந்த ஒரு மேஜையின் காலுக்கு அடியில் அதைச் செருகிவிட்டார்கள். அது உருப்படியாகப் பயன்பட்டது அன்றுதான் முதல் தடவை.

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் 'ரெஸ்ப்ளெண்டென்ட்: பொருளும் பயன்பாடும்' என்று பயிற்சி வகுப்பு. நடத்தியவர் புதிதாகத் தொடங்கப்பட்ட பெருமைப் பிரிவின் அலுவலர். ஆலையில் சட்டை கசங்காத ஒரே மனிதர். அவர் சட்டைக்கு வேலை கிடையாது.

"ரெஸ்ப்ளெண்டென்ட்னா, நல்லா ஒளி வீசி, கம்பீரமா, பார்க்கறவங்க அசந்துபோற மாதிரி ஜொலிக்கறது. உதாரணத்துக்கு, 'அரசி ரெஸ்ப்ளெண்டென்ட்டாகக் காட்சியளித்தாள்.' புரியுதா?"

கொதிகலன்காரர் கை தூக்கினார். "அந்தம்மா எந்த ஷிப்ட் சார்?"

"அரசிக்கு ஷிப்ட் கிடையாது."

"அதான் ஜொலிக்கறாங்க."

அலுவலர் இதைக் காதில் வாங்காமல் பயன்பாட்டு விதிகளுக்குப் போனார். "இந்தச் சொல்ல அழுக்குக்குச் சொல்லக் கூடாது. களைப்புக்குச் சொல்லக் கூடாது. ஒரே வாக்கியத்துல ரெண்டு தடவ சொல்லணும்னா எங்கிட்ட முன்அனுமதி வாங்கணும்."

"ஒடஞ்ச சாமானுக்குச் சொல்லலாமா சார்?" என்றாள் சூட்டக்கா.

"நம்ம ஆலையில ஒடஞ்ச சாமானே கிடையாதேம்மா."

"யாரு சொன்னா?"

"புகார்ப் புத்தகமே கிடையாதே. அப்புறம் எப்படி ஒடையும்?"

இந்தத் தர்க்கத்தின் அழகுக்கு அலுவலரே ஒருமுறை கைதட்டிக்கொண்டார். பிறகு எல்லோரும் சேர்ந்து அந்தச் சொல்லைப் பத்துமுறை உரக்கச் சொன்னார்கள். எட்டாவது முறையில் கொதிகலன்காரரின் பல்செட் கழன்று முன்வரிசையில் போய் விழுந்தது. அதைப் பெருமைப் பிரிவு 'உணர்ச்சிப் பெருக்கு' என்று குறித்துக்கொண்டது.

பதிவேடு மளமளவென்று நிறைந்தது. பிழியும் பிரிவு எழுதியது: "பிழியும் பிரிவு ரெஸ்ப்ளெண்டென்ட். மேலாளர் ரெஸ்ப்ளெண்டென்ட். தேநீர் பரவாயில்லை." தேநீரைப் பற்றிய பகுதி விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டது.

சூட்டக்கா இரண்டு நாள் யோசித்தாள். அவளுக்கு ஒன்று பிடிபட்டது. அவள் கணக்குப்படி இந்தச் சொல் ஒரு தபால்தலை. ஒட்டாவிட்டால் கடிதம் போகாது. ஒட்டிவிட்டால் போதும், உள்ளே என்ன எழுதியிருந்தாலும் போய்ச் சேர்ந்துவிடும். தபால்தலையை யார் படிக்கப் போகிறார்கள்? உள்ளே இருப்பதைத்தானே படிப்பார்கள்? பதினேழு வருஷம் உருளையோடு மட்டுமே பழகியவள் அப்படித்தான் நினைப்பாள். அலுவலகத்தோடு பழகியிருந்தால் தெரிந்திருக்கும், அங்கே தபால்தலையை மட்டும்தான் படிப்பார்கள் என்று.

பதிவேட்டில் தெளிவாக எழுதினாள்: "மூன்றாம் உருளையின் வலப்பக்கத் தடுப்புக் கம்பி நான்கு மாதமாக ரெஸ்ப்ளெண்டென்ட்டாக இருக்கிறது. உடனே வந்து பார்க்கவும்."

வந்தார்கள். ஐந்து புகாருக்கு அசையாத அலுவலகம் ஒரு மணி நேரத்தில் படி இறங்கி வந்தது. அலுவலரோடு மூன்று பேர் கொண்ட குழு. ஒருவர் கையில் அளவுநாடா, ஒருவர் கையில் குறிப்பேடு, மூன்றாமவர் தலையாட்டுவதற்கு.

"இதாம்மா அந்தக் கம்பி?" என்று அலுவலர் சிவப்பு நாடாவைக் காட்டினார்.

"அது நாடா சார். கம்பி இல்ல. அதத்தான் எழுதியிருக்கேன்."

"கண்ணுக்கே தெரியலயே. அவ்வளவு மெல்லிசா?"

"மெல்லிசெல்லாம் இல்ல சார். இல்லவே இல்ல."

"எளிமை," என்றார் அலுவலர். குறிப்பேடுக்காரர் எழுதிக்கொண்டார். மூன்றாமவர் தலையாட்டினார்.

நாத்தனார் பொறுக்க மாட்டாமல் தன் பத்து விரல்களையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள். "எங்க அண்ணி எழுதினது இதுக்காக சார், இதுக்காக!"

"வணக்கம்மா, வணக்கம்," என்றார் அவர்.

மூன்றாம் நாள் உருளையின் வலப்பக்கம், நாடாவுக்கு மேலே, ஒரு பித்தளைத் தகடு ஏறியது. "ரெஸ்ப்ளெண்டென்ட் தகுதி பெற்ற தடுப்புக் கம்பி. நிலை மாற்றக் கூடாது." இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு கனமான தகடு வேறெந்த ஆலையிலும் கிடைத்ததாகத் தகவல் இல்லை.

இதற்குள் குழு வந்துபோன செய்தியைக் கேட்டு, உத்தரவு தயாராகிவிட்டது என்று நம்பி, 'அடுத்தவாரம்' தன் வாழ்நாளில் முதல்முறையாக இந்த வாரமே கம்பியும் ஸ்பேனருமாக வந்து நின்றார். தகட்டைப் படித்தார். கம்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"மாட்டுங்கண்ணே," என்றாள் சூட்டக்கா.

"எப்படிக்கா மாட்ட? நிலை மாற்றக் கூடாதுன்னு போட்டிருக்கே. கம்பி இல்லாததுதான் இப்ப நிலை. நான் மாட்டினா மாத்தினதா ஆயிடும்."

"யாரு பார்க்கப் போறா?"

"தகடு வச்சதுலேருந்து தெனம் மூணு பேரு வந்து பாத்துட்டுப் போறாங்கக்கா. எனக்கு ரெண்டு பொண்ணு."

அன்று பிற்பகல், ஆஸ்பத்திரி விரிப்புகள் மலைபோலக் குவிந்திருந்த நேரத்தில், ஒரு விரிப்பின் கிழிந்த ஓரம் நாத்தனாரின் மேலங்கிக் கைப் பொத்தானில் சிக்கியது. விரிப்பை உருளை இழுத்தது. விரிப்போடு சட்டைக்கை போனது. கையும் பின்னாலேயே போனது. நாத்தனார் "அண்ணி" என்றாள். கத்தவில்லை, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிட்டாள். சூட்டக்கா உருளையை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். உருளை நின்றபோது நாத்தனாரின் நடுவிரலுக்கும் இரும்புக்கும் இடையே ஒரு தீக்குச்சி வைக்கும் இடம் இருந்தது.

சூட்டக்கா நாத்தனாரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு அண்ணி. நகம்கூட வெட்டாமதான் இருக்கு," என்றாள் நாத்தனார்.

சூட்டக்கா நேரே படியேறிப் பெருமைப் பிரிவுக்குப் போனாள்.

"சார், நான் எழுதின அந்தச் சொல்லத் திருப்பிக் குடுத்துடுங்க. எனக்கு வேணாம்."

அலுவலர் விதிமுறையைப் புரட்டினார். "ஒருதடவ வழங்கின ரெஸ்ப்ளெண்டென்ட்டத் திரும்பப் பெற விதி இல்லம்மா."

"தப்பா எழுதிட்டேன் சார்."

"சந்தோஷத்துல எழுதறது தப்பாகாது."

"நான் சந்தோஷமா எழுதினேன்னு யாரு சொன்னது?"

"அந்தச் சொல்லைப் போட்டிருக்கியேம்மா." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெள்ளிக்கிழமை மேலாளரே வர்றாரு. தன் கையாலயே ஒரு விரிப்ப உருளைக்குக் குடுக்கப் போறாரு. போட்டோ எடுக்கறோம். உன் பேரும் கீழ சின்னதா வரும்."

சூட்டக்கா வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள். பிறகு, "எந்தப் பக்கம் நின்னு சார் குடுப்பாரு?" என்று கேட்டாள்.

"தகடு இருக்கற பக்கந்தான்."

"ரொம்ப நல்லது சார்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

வெள்ளிக்கிழமை மேலாளர் வந்தார். நிர்வாகத்தின் வரலாற்றில் அது ஒரு பொன்னாள். தரை மூன்று முறை கழுவப்பட்டிருந்தது. மேலாளர் வலப்பக்கம் நின்று விரிப்பின் ஒரு நுனியைப் பிடித்தார். மறு நுனியைச் சூட்டக்கா பிடித்தாள். சிவப்புப் பொத்தானுக்குப் பக்கத்தில் நாத்தனாரை நிறுத்தி, "கைய அதுமேலயே வச்சிரு, எடுக்காத" என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாள்.

உருளை சுற்றத் தொடங்கியது. மேலாளர் காமிராவைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், இன்னும் கொஞ்சம் கிட்ட," என்றார் போட்டோக்காரர்.

மேலாளர் கையை நீட்டினார். விரிப்பின் நுனியை உருளை கவ்வியது. சூடு அவர் மணிக்கட்டில் அடித்தது. குனிந்து பார்த்தார். அடுத்த நொடி விரிப்பை உதறிவிட்டு இரண்டடி பின்னால் துள்ளினார்.

"யோவ், நிறுத்துய்யா! கை உள்ள போயிடும்யா!"

நாத்தனார் நிறுத்தினாள்.

"கம்பி இருக்கு சார்," என்றார் அலுவலர் பணிவாக. "கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசு."

"மெல்லிசாவது மண்ணாவது! நாலு மாசமா இங்க கம்பியே இல்லய்யா! கீலோட ஒடஞ்சு விழுந்துடுச்சுன்னு அந்தம்மா அஞ்சு புகார் எழுதியிருக்கு! மூணாவதுல, எங்க நாத்தனாருக்கு ரெண்டு புள்ளைங்க, சின்னதுக்கு அவதான் தலை பின்னி விடணும்னுகூட எழுதியிருந்துச்சேய்யா! அறிவில்ல உனக்கு? என்னைக் கொண்டாந்து இங்க நிறுத்தற?"

போட்டோக்காரர் காமிராவைத் தாழ்த்தினார். தாம் என்ன சொல்லிவிட்டோம் என்பது மேலாளருக்கு மெல்லத்தான் உறைத்தது. இரண்டு கைகளையும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மெக்கானிக் வந்து தகட்டைக் கழற்றிக் கம்பியை மாட்டினார். பன்னிரண்டு நிமிஷம் ஆனது. உத்தரவுச் சீட்டு எதுவும் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

அலுவலருக்குத்தான் கவலை. அன்றைய நிகழ்ச்சியைப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். எப்படி எழுதுவது என்று தெரியாமல் புத்தகத்தைச் சூட்டக்காவிடம் நீட்டினார். "நீயே ஒரு வரி எழுதிக் குடும்மா. சொல்லு மட்டும் விட்டுப் போகாமப் பார்த்துக்க."

சூட்டக்கா நின்றபடியே எழுதினாள். அலுவலர் வரியின் கடைசியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, 'ஏற்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார். பிறகு விதிப்படி மேலாளருக்கு முன்னால் அதை உரக்கப் படித்தார்:

"நான்கு மாதமாக எழுதிய ஐந்து புகார்களும் ஓர் எழுத்து விடாமல் ஐயாவுக்கு மனப்பாடம். ஐயாவின் ஞாபகசக்தி ரெஸ்ப்ளெண்டென்ட்."