கழுகுமேட்டின் நூறு சதவீத வருகை

பளிங்கு நாடு என்று ஒரு நாடு இருந்தது. நம் நாட்டிலிருந்து அது வெகு தூரம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது என் உடம்புக்கு நல்லது.

அந்த நாட்டை ஆண்ட சர்வலோசன மகாராஜாவுக்கு மக்களை நேரில் பார்ப்பது பிடிக்காது. வியர்வை வாடை அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று அரண்மனை வைத்தியர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆகவே வீட்டுக்கு ஓர் ஒளிப்பலகை கொடுத்தார் மகாராஜா. விரலால் தொட்டால் அதில் அரசர் தெரிவார், பாடம் தெரியும், மனுக் கொடுக்கும் இடமும் தெரியும். குடிமக்கள் தொடுவதெல்லாம் அரண்மனையின் பெருஞ்சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ எரியும். பச்சை என்றால் சுபிட்சம். சிவப்பை அரசருக்குக் காட்ட எவருக்கும் துணிச்சல் இல்லாததால் அதுவும் சுபிட்சம்தான்.

பலகை வந்த மறு மாதம் ‘இனிப் பலகையே ஆசான்’ என்று ஆணை பிறந்தது. நாட்டிலிருந்த ஆசிரியர்கள் அனைவரும் தலைநகருக்கு அழைக்கப்பட்டு ஒரு பெரிய கூடத்தில் உட்கார வைக்கப்பட்டார்கள். ‘இன்று எண்ணெய் தேய்த்துக் குளித்தேன்’ என்று அரசர் பதிவிட்டால், அவர்கள் அத்தனை பேரும் ‘பிரமாதம்’ என்ற பொத்தானைத் தொட வேண்டும். இலக்கணமும் கணக்கும் கற்றவர்கள் அந்த வேலையைத் தவறில்லாமல் செய்தார்கள்.

கழுகுமேடு அந்நாட்டின் கடைசி ஊர். அங்கே ஆட்டுப்பாறையின் உச்சியைத் தவிர வேறெங்கும் சிக்னல் கிடையாது. பிள்ளைகள் காலையில் பாறையேறுவார்கள். முகத்துக்கு நேரே பலகையைப் பிடித்து வருகையைப் பதிவு செய்வார்கள். எல்லார் முகத்தையும் அது வாங்கி முடிப்பதற்குள் அன்றைய பாடம் முடிந்துவிடும். இறங்கி வந்துவிடுவார்கள். பெருஞ்சுவரில் ‘கழுகுமேடு: நூறு சதவீத வருகை’ என்று பச்சை எரியும்.

அந்த நூறில் ஒருத்தி வடிவு. பத்து வயதாகியும் தன் பெயரை வாசிக்கத் தெரியாது. அவள் அம்மா பேச்சித்தாய், எழுதியிருப்பது என்னவென்று தெரியாமல் கைநாட்டு வைத்து, இருந்த ஒரே புன்செய்க் காட்டையும் பறிகொடுத்தவள். மகளுக்கும் அந்தக் கதி வரக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

மழைக்காலத்தில் ஒரு பையன் பாறையில் சறுக்கிக் காலை முறித்துக்கொண்டான். ஊரார் பாறை மேல் ஏறி, ஊருக்குள் சிக்னல் இல்லை என்று புகார் பதிந்தார்கள். ‘நீங்கள் நிற்கும் இடத்தில் சிக்னல் மிக நன்றாக உள்ளது’ என்று உடனே பதில் வந்தது. பிறகு பலகைத் துறை அமைச்சர் குணபூஷணர், ‘சிக்னல் கிடைக்காதவர்கள், சிக்னல் கிடைக்காத இடத்திலிருந்தே ஏழு நாட்களுக்குள் பலகை வழியாகத் தெரிவிக்கவும்’ என்று நாடு முழுவதற்கும் அறிவித்தார். எட்டாம் நாள் சபையில் எழுந்து நின்றார்.

“மகாராஜா, நாடு முழுவதையும் ஆராய்ந்துவிட்டோம். சிக்னல் இல்லை என்று ஓர் ஊர்கூடத் தெரிவிக்கவில்லை.”

“ஒன்றுகூடவா?”

“ஒன்றுகூட.”

அரசர் கண்களைத் துடைத்துக்கொண்டார். கால் முறிந்த பையனைப் பாராட்டி, மலையேற்றத்தைப் பாடத்திட்டத்தில் சேர்க்கவும் உத்தரவிட்டார்.

பேச்சித்தாய்க்குப் பொறுக்கவில்லை. கிளம்பி, மூன்று நாள் நடந்து அரண்மனைக்கு வந்துவிட்டாள். வாசலில் இருந்த எழுத்தர் தலை நிமிரவில்லை.

“டோக்கன் இருக்காம்மா?”

“டோக்கனெல்லாம் இல்ல சாமி. நேர்லயே வந்துட்டேன்.”

“நேர்ல வர்றவங்கள நாங்க பாக்கிறதில்லையே.”

“இப்பப் பாத்துக்கிட்டுத்தான இருக்கீங்க.”

எழுத்தர் தன் பலகையைத் தட்டிப் பார்த்தார். “இதுல நீ இல்லியேம்மா.”

“எங்க ஊரு வாத்தியார அனுப்பி வைங்க சாமி. எம் மவ நாலு எழுத்து வாசிக்கணும். வேற ஒண்ணும் கேக்கல.”

“உங்க ஊரு கல்வியில முதலிடம். முதலிடத்துக்கு எதுக்கும்மா வாத்தியாரு?”

அவள் கடைவீதியில் உட்கார்ந்து அழுதாள். அதை யாரோ படம் பிடித்துப் பலகையில் போட்டார்கள். பளிங்கு நாட்டாருக்கு வேறென்ன வேலை? கழுகுமேடு என்று ஓர் ஊரே கிடையாது என்றது ஒரு கூட்டம். அவள் பக்கத்து நாட்டு ஒற்றர் என்றது இன்னொன்று. அவள் சேலை நிறத்தை வைத்து அவள் எந்தக் கட்சி என்று கண்டுபிடித்தவர்களும் உண்டு. அண்ணன் தம்பிகள் பேச்சை நிறுத்தினார்கள், கல்யாணங்கள் நின்றன. கழுகுமேட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெட்கங்கெட்ட கூட்டம்.

பெருஞ்சுவர் முழுக்கச் சிவந்துவிட்டதால் அதை மறைக்க முடியவில்லை. அமைதி காக்கும் பொருட்டு நாட்டின் பலகைகள் அனைத்தும் நாற்பது நாட்களுக்கு அணைக்கப்பட்டன. முதல் நாள் மாலையே, புகார்கள் பூஜ்யமாகிவிட்டதாகக் குணபூஷணர் அறிவித்தார்.

தொடுவதற்குப் பொத்தான் இல்லாமல் போன ஆசிரியர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கழுகுமேட்டு ஆசிரியர் ஞானசிகாமணி வந்து சேர்ந்த அன்றே பள்ளிப் பூட்டை உடைத்தார். கரும்பலகை காணாமல் போயிருந்தது. சுவரில் கரித்துண்டால் எழுதினார். ஞாயிறு என்றுகூட ஒரு நாள் விடுமுறை விடவில்லை. பத்தொன்பதாம் நாள் வடிவு தன் பெயரை வாசித்தாள். மகள் வாசித்த இடத்தை எட்டித் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், ஊர் திரும்பியிருந்த பேச்சித்தாய். அவளுக்கு அந்த ஆண்டில் அதுவே நல்ல நாள்.

நாற்பத்தோராம் நாள் பலகைகள் மீண்டும் ஒளிர்ந்தன, ஆசிரியர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள், பெருஞ்சுவர் கணக்குப் போட்டது. நாற்பது நாட்களாக நாடு முழுவதும் ஒரு பிள்ளைகூட வருகை பதியவில்லை.

“பிள்ளைகள் இருந்தால் பதிந்திருப்பார்களே, மகாராஜா” என்றார் குணபூஷணர்.

அரசருக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஒரு வாரம் கழித்துக் கழுகுமேட்டுக்கு ஓர் அரண்மனைச் சேவகர் வந்தார். பள்ளிக்குப் புதுப் பூட்டுப் போட்டுக் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டினார். ஊரே கூடி நின்றது. என்ன எழுதியிருக்கிறது என்று பேச்சித்தாய் கேட்டாள். சேவகருக்கு வாசிக்கத் தெரியாது, ஒட்டத்தான் தெரியும். வடிவு முன்னால் போய் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, உரக்க வாசித்தாள்.

“இவ்வூரில் பள்ளி வயதுப் பிள்ளைகள் எவரும் இல்லாததால், இப்பள்ளி நிரந்தரமாக மூடப்படுகிறது.”

ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை. சேவகர் அது முடியும் வரை பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு அத்தாட்சிக்காகத் தம் பலகையை உயர்த்திப் பிடித்தார்.

“பாப்பா, கொஞ்சம் தள்ளி நில்லு. படத்துல நீ விழக் கூடாது.”